உறையூர் மாடியில் ஒரு வாடகை நூலகம்: கடைசித் தாளில் பென்சில் எழுத்து

திருச்சி உறையூர் நாச்சியார் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், மாவு மில் மாடியில், ஒரு வாடகை நூலகம் இருக்கிறது. பலகையில் பெயின்ட் உதிர்ந்து பெயரே போய்விட்டது. மறுபடி எழுதுங்களேன் என்றால், "தெரிஞ்சவங்க வந்தாப் போதும்மா, புதுசா யாரு வரப்போறாங்க" என்கிறார் நடத்துகிற ஐயா. அவருக்கு விருப்பமில்லாததால் நானும் பெயரை எழுதவில்லை. கீழே மில்லில் "மேல புக்கு கடை" என்று கேட்டால் படிக்கட்டைக் காட்டுவார்கள்.

நம் வீட்டுப் பிரச்சினைகளை மாத நாவல்களும் டிவி சீரியல்களும் எப்படிப் பேசின, எந்த இடத்தில் பேசாமல் நழுவின என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இந்த மாடியில் ஒரு வாரமாவது உட்கார வேண்டும். இரண்டு வருஷமாகப் போய்வருகிற அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் மேல்நிலை வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். 1998இல் எம்.ஃபில். பட்டத்துக்காக மாத நாவல்களில் சமூகச் சிக்கல்கள் என்று ஆய்வேடு எழுதினேன். நாற்பது நாவல் படித்தேன். வரதட்சணை எத்தனை நாவலில், மறுமணம் எத்தனையில், குடிப்பழக்கம் எத்தனையில் என்று இயல் இயலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் காட்டி, காலத்தைக் காட்டும் கண்ணாடி இலக்கியம் என்று முடித்தேன். நெறியாளர் கையெழுத்துப் போட்டார், பட்டம் வந்தது. அந்த ஆய்வேட்டில் நான் கேட்காமலே விட்ட கேள்வி ஒன்று உண்டு என்பது இந்த மாடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இதையெல்லாம் வாடகைக்கு எடுத்துப் போய் அடுப்படியில் வைத்துப் படித்தவள் என்ன நினைத்தாள்?

அந்தப் பதில் இங்கே இருக்கிறது, பென்சிலில்.

ஐயா 1974இல் கடை ஆரம்பித்தார். அதற்குமுன் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். எல்லாப் புத்தகத்தையும் தானே பைண்ட் பண்ணுவார். மைதா பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சி, ட்வைன் நூலில் தைத்து, முதுகுக்குக் கலிக்கோ துணி ஒட்டி, கடைசியில் இரண்டு வெற்றுத்தாள் சேர்ப்பார். ஒன்று தேதி முத்திரை குத்துவதற்கு. இன்னொன்று அது கிழிந்தால் அடுத்தது. அந்த இரண்டாவது தாளில்தான் வாசகர்கள் எழுத ஆரம்பித்தார்கள். முதலில் நடுப்பக்கங்களில் எழுதினார்களாம். ஒரு க்ரைம் நாவலில் பத்தாம் பக்கத்திலேயே கொலையாளி பெயரை யாரோ எழுதிவைக்க, அடுத்து எடுத்துப்போனவர் கடைக்கு வந்து சண்டை போட்டிருக்கிறார். அன்றுமுதல் ஒரே விதி. பேனா கூடாது. பென்சில், அதுவும் கடைசித் தாளில் மட்டும்.

ஒன்றை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். எண்பதுகளின் பின்பாதியில் வந்த ஒரு குடும்ப நாவல். பெயர் வேண்டாம், அதேபோல நிறைய வந்திருக்கின்றன. புகுந்த வீட்டில் ஸ்கூட்டர் கேட்கிறார்கள். அவள் பொறுத்துப்போகிறாள், அப்பாவுக்குக் கடிதம்கூட எழுதவில்லை. காய்ச்சலில் விழுகிறாள். அவள் அருமை தெரிந்து மாமியார் கண்ணீர் விடுகிறாள், கணவன் கையைப் பிடித்துக்கொள்கிறான், சுபம். கடைசித் தாளில் மூன்று கையெழுத்து. முதலாவது குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்து எழுத்து: "அருமையான முடிவு. கண்ணீர் வந்துவிட்டது." அதன் கீழே வேறொருவர், சாய்த்து: "மாமியார் அழுதால் போட்ட நகை திரும்பி வருமா?" அதற்கும் கீழே, பென்சில் முனை மழுங்கி எழுத்து தடித்துப்போய்: "என் தங்கை வீட்டில் யாரும் திருந்தவில்லை. 4.2.89."

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதே மாதிரிக் கதைகளை வரதட்சணைக் கொடுமையைச் சாடும் நாவல்கள் என்று என் ஆய்வேட்டில் போட்டிருந்தேன். சாடியது உண்மைதான். யாரைச் சாடியது, எதைக் கேட்காமல் விட்டது என்று நான் பார்க்கவில்லை. அந்தச் சாய்ந்த எழுத்துக்காரர் ஒரே வரியில் பார்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு வரதட்சணைக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961லேயே வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தில், கணவனும் அவன் குடும்பத்தாரும் செய்யும் கொடுமைக்கு 498ஏ பிரிவு 1983இல், திருமணமான ஏழு ஆண்டுக்குள் நிகழும் வரதட்சணை மரணத்துக்கு 304பி பிரிவு 1986இல். "திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது" என்ற வரி நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் இந்த மாடியில் நான் படித்த குடும்ப நாவல் எதிலும் அந்த ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், வீட்டுக்கு வரவில்லை. ஸ்டவ் வெடிக்கிறது, பெண் சாகிறாள் அல்லது பிழைக்கிறாள், யாராவது மனம் வருந்துகிறார்கள். குற்றம் பெரும்பாலும் மாமியார் தலையில். கணவன் ஊரில் இல்லாதவன், அல்லது அம்மா பேச்சைத் தட்டத் தெரியாத நல்லவன். க்ரைம் நாவலுக்குப் போனால் போலீஸ் வருகிறது, அங்கே அந்தச் சாவு ஒரு புதிர். யார் கெரசின் ஊற்றினார்கள் என்று கண்டுபிடித்து விலங்கு மாட்டியதும் கதை முடிந்தது. குடும்ப நாவலில் மனமாற்றம், க்ரைம் நாவலில் கைது. உயிரோடு கிளம்பித் தாய்வீடு போய், வேலை பார்த்து, கேஸ் நடத்துகிற பெண்ணை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். அவளைக் கேட்டது பென்சில்தான். "இவ டிகிரி படிச்சவதானே? ஏன் வேலைக்குப் போகல?" என்ற கேள்வி, வேறு வேறு கையெழுத்தில், பதினேழு புத்தகங்களில் இருக்கிறது.

கதைக்கு வாசகர் எதிர்வாதம் செய்வது தமிழில் புதிதில்லை. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது, கெடுக்கப்பட்டு வந்து நிற்கும் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி 'நீ சுத்தமாயிட்டே' என்று தாய் ஏற்றுக்கொள்ளும் முடிவு பெரிய சர்ச்சையானது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்பதையே அவர் பின்னால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆக எழுதினார், அதற்கு 1972இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பத்திரிகைக்குக் கடிதம் போட்டவர்களின் வாதம் அச்சில் நிற்கிறது, ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். தபால் கார்டு வாங்கி விலாசம் எழுதிப் பெட்டியில் போட வீட்டில் முடியாதவர்கள் இந்தக் கடைசித் தாளில் எழுதிவிட்டுப் போனார்கள்.

இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. ராஜம் கிருஷ்ணன் நாவல்கள் ஒரு பலகை முழுக்க இருக்கின்றன. நேரில் போய்ப் பழகிப் பார்த்து எழுதியவர் அவர். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்', பெண் சிசுக்கொலையைப் பற்றிய 'மண்ணகத்துப் பூந்துளிகள்' இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். முதலாவதில் பதினோரு முத்திரை. அதே வரிசையில் இருந்த ஒரு காதல் நாவலில் முத்திரைக்கு இடம் போதாமல் இரண்டு முறை தாள் ஒட்டியிருக்கிறார் ஐயா. எண்ணிக்கை எனக்கு ஆச்சரியமாக இல்லை. கடைசித் தாள்தான் ஆச்சரியம்: 'கரிப்பு மணிக'ளில் ஒரு எழுத்துகூட இல்லை. எழுத்தாளரே எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்ட புத்தகத்தில் வாசகர் அமைதியாக இருக்கிறார். நழுவிய புத்தகத்தில்தான் பென்சிலை எடுக்கிறார். நல்ல நாவல், மட்டமான நாவல் என்று பிரித்துவிட்டு மட்டமானதை ஆய்விலிருந்து தள்ளிவைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சொத்து விஷயமும் அப்படியே. தமிழ்நாட்டில் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் பங்கு என்ற சட்டத் திருத்தம் 25.3.1989 முதல் நடப்புக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது. நாடு முழுக்க 2005இல்தான் வந்தது. தொண்ணூறுகளில் வந்த குடும்ப நாவல்களில் அண்ணன் தங்கைக்குச் சீர் செய்கிறான், பட்டுப்புடவை எடுக்கிறான், தங்கை கண் கலங்குகிறாள். பங்கு என்ற சொல்லே வருவதில்லை. ஒரு நாவலின் கடைசித் தாளில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள், கதையில் வருகிற வீடு, நிலம், நகை எல்லாவற்றையும் கூட்டி, மூன்றால் வகுத்து. கீழே ஒரு சொல்லும் இல்லை, விடையைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும்.

வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த வால்யூம்கள் தனிச் சொத்து. புத்தகமாக வரும்போது காணாமல்போகிற படமும் விளம்பரமும் இதில் அப்படியே இருக்கும். பெண்ணைப் பெற்றவர் கல்யாணக் கடனுக்கு அலைகிற அத்தியாயத்தின் மறுபக்கத்தில் முழுப்பக்க நகைக்கடை விளம்பரம்.

இனி டிவி. சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் வந்தது, 'சித்தி' 1999இல். "சித்தி வந்த வருஷந்தாம்மா ராத்திரி எட்டு மணிக்கே கடையைச் சாத்த ஆரம்பிச்சேன்" என்கிறார் ஐயா. முத்திரைகளைப் பார்த்தாலே தெரிகிறது, 2000க்குப் பிறகு தேதிகள் மெலிந்துபோகின்றன. ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். 'மெட்டி ஒலி' ஓடிய நாளில் ஒரு அம்மா வந்து, "நேத்து கரன்ட் போயிருச்சு, என்ன ஆச்சுன்னே தெரியல" என்று கேட்டிருக்கிறார். விட்ட எபிசோடைத் தேடிப் பார்க்க வழியில்லாத காலம். ஐயா ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக் கல்லாமேல் வைத்து, பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்காகக் கதையை நாலு வரி எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்படிப் பதின்மூன்று நோட்டு சேர்ந்திருக்கிறது.

முதல் நோட்டில் பாதிவரை கதை மட்டும். பிறகு கருத்து நுழைகிறது. "சிதம்பரம் இன்னைக்கும் சம்பந்தி வீட்ல தலை குனிஞ்சார். பாவம்." அடுத்த நாள் அதற்கு அம்புக்குறி போட்டு வேறொருவர்: "பாவம் பாவம்னு சொல்லியே அஞ்சு பொண்ணையும் அனுப்பிட்டோம்." 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை எண்ணூறு எபிசோடுக்கு மேல் ஓடியது. ஐந்து பெண்ணைப் பெற்ற ஒரு தகப்பனின் பணிவை மெச்சி மெச்சி எடுத்த சீரியல். அந்தப் பணிவு யாருக்கு லாபம் என்று நோட்டில் எழுதியவர் கேட்டுவிட்டார்.

நோட்டுகளைத் தொடர்ச்சியாகப் படித்தால்தான் இன்னொன்று புலப்படும். ஒரு சீரியலில் கதாநாயகி விவாகரத்துக்கு மனுப் போடுகிறாள். நோட்டில் எல்லோருக்கும் உற்சாகம், பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அப்புறம் கடத்தல், கோமா, இன்னொரு கடத்தல், இறந்ததாக நினைத்தவர் திரும்பி வருவது. நடுவில் மூன்று வெவ்வேறு தேதியில் ஒரே கையெழுத்து: "அந்தப் பொண்ணு கேஸ் என்ன ஆச்சு?" பதில் வரவில்லை. சமூகப் பிரச்சினையைச் சீரியல் எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுக்கிறது, விளம்பரத்தில் அதைத்தான் காட்டுகிறது, ஆறு மாதத்தில் கைநழுவ விடுகிறது. நாலு வரி எழுதிக்கொண்டே வந்தவருக்குத்தான் அந்த நழுவல் தேதியோடு தெரிகிறது.

கடைசி நோட்டு 'எதிர்நீச்சல்' காலத்தது. 2022 முதல் 2024 வரை ஓடியது. படித்த மருமகள்களை வீட்டுக்குள் அடைத்து வைத்து அதிகாரம் செய்கிற ஆதி குணசேகரனை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்குக்காக அந்த வீட்டில் நடந்த சண்டையும் நினைவிருக்கும். முப்பது வருஷம் மாத நாவல் வாயே திறக்காத பங்கு என்ற சொல், தினம் ராத்திரி கூடத்தில் உரக்கக் கேட்டது. அதை நான் மதிக்கிறேன். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8இல் காலமானார். அந்த வாரத்துப் பக்கத்தில் இருப்பது இது: "மாரிமுத்து சாருக்கு அஞ்சலி. குணசேகரன் போயிட்டார்னு நினைக்காதீங்க, எங்க வீட்டுக்கு வந்து பாருங்க." அந்த வரியைக் காட்டியபோது ஐயா சிரிக்கவில்லை. எழுதியவரை அவருக்குத் தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை ஒன்று, அது புத்தக அடுக்கில் இல்லை.

இத்தனை கடைசித் தாள்களிலும் பதின்மூன்று நோட்டுகளிலும் சாதி என்ற பேச்சு எங்கே என்று தேடினேன். நாவல்களில் அது 'அந்தஸ்து' என்று உடை மாற்றிக்கொண்டு வருகிறது. காதலுக்குக் குறுக்கே நிற்பது அந்தஸ்து, அதாவது பணம். கடைசியில் ஏழைப் பையன் கலெக்டராகிவிட்டால் தடை விலகிவிடும். உண்மையில் எது விலகாது என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்கூட்டருக்குக் கணக்குக் கேட்ட பென்சில் இந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று யோசித்து, பழைய உறுப்பினர் பேரேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விலாசங்கள் எல்லாம் கோயிலைச் சுற்றிய தெருக்கள், கடைவீதி, அலுவலர் குடியிருப்பு. உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து முதல் பெயர் 1991இல்தான் ஏறியிருக்கிறது. ஐயாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பசைக் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப டெபாசிட் இருபத்தஞ்சு ரூபா. அவங்க யாரும் வரலம்மா. நானும் கூப்பிடல."

இங்கே கிடைப்பது இருபத்தைந்து ரூபாய் கட்ட முடிந்த வீட்டுப் பெண்களின் குரல். ஆய்வுக்கு வருகிறவர்கள் அந்தப் பேரேட்டை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பென்சில் வரிகளுக்குப் போவது நல்லது. நான் தலைகீழாகச் செய்தேன், ஒரு வருஷம் 'தமிழ்ப் பெண்கள்' என்றே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் இப்போது திருத்தி எழுதுகிறேன்.

மற்றவை சின்னச் சங்கடங்கள். பட்டியல் கிடையாது, எந்தப் புத்தகம் எங்கே என்று ஐயாவின் தலைக்குள்தான் இருக்கிறது. பைண்டிங்கில் ஓரம் வெட்டியபோது சில படங்களும் சில பென்சில் வரிகளும் பாதி போய்விட்டன. கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மாடியில் உட்கார முடியாது, கிளம்புமுன் மில்லில் விசாரித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு செங்குத்து. ஜெராக்ஸ் இல்லை, செல்போனில் படம் எடுக்கவும் விடமாட்டார். "அது அவங்க வீட்டு விஷயம்மா, கையால எழுதிக்கோங்க, பேரு மட்டும் வேண்டாம்" என்பார். எனக்கு அது சரியென்றே படுகிறது. கையால் எழுதும்போது அந்த எழுத்தின் அழுத்தம் நம் விரலுக்கும் வருகிறது. நாலு நோட்டு நிரப்பியிருக்கிறேன்.

பழைய இதழ்களையும் அச்சு நூல்களையும் சுத்தமான பிரதியாகப் பார்க்க வேண்டுமென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த செல்வம் அதற்கு அடித்தளம். பதிப்பு விவரத்துக்கு அங்கே போங்கள். படித்தவர் என்ன சொன்னார் என்பதற்கு இங்கே வாருங்கள், சீக்கிரம் வாருங்கள். ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. வீட்டில் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

மாலை நாலு மணியிலிருந்து எட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும். டெபாசிட் முந்நூறு ரூபாய், மாத நாவலுக்கு வாரம் ஐந்து ரூபாய், பெரிய நாவலுக்கு இருபது. தொடர்கதை வால்யூமும் சீரியல் நோட்டும் வெளியே தரமாட்டார், அங்கேயே ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் உண்டு. பென்சில் கொண்டுபோக வேண்டாம். கல்லாப் பெட்டியின் கைப்பிடியில் ட்வைன் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், எப்போதும் சீவித்தான் இருக்கும்.